ஜப்பானின் ஆங்கில உரையாடல் பள்ளியில் முதல் ஆசிரியர் வேலை: விண்ணப்பம் முதல் விசா வரை

ஜப்பானில் ஆங்கிலம் கற்பிக்கச் செல்லும் வெளிநாட்டவர்களில் பலருக்கு முதல் வேலை கிடைக்கும் இடம், அங்கே ‘எய்கைவா’ என்று அழைக்கப்படும் தனியார் ஆங்கில உரையாடல் பள்ளி. இவை பெரும்பாலும் ரயில் நிலையத்தை ஒட்டிய கட்டடங்களில் ஒரு தளத்தை வாடகைக்கு எடுத்து இயங்குகின்றன. மாலையில் பள்ளிப் பிள்ளைகளும், இரவில் அலுவலகம் முடித்து வருபவர்களும், பகலில் ஓய்வுபெற்றவர்களும் இல்லத்தரசிகளும் மாணவர்களாக வருகிறார்கள். ஏயான், ஈசிசி, நோவா, பெர்லிட்ஸ், காபா, ஷேன் ஆகியவை பலரும் அறிந்த பெயர்கள். இத்தகைய பெரிய நிறுவனங்கள் சொந்தப் பாடநூலும் பயிற்சி வகுப்பும் வைத்திருப்பதால், முன்அனுபவம் இல்லாதவர்களையும் எடுத்துக்கொள்கின்றன.

பட்டம் பெற்று, ஆங்கிலத்தில் தடையின்றிப் பேச எழுதத் தெரிந்து, வகுப்பறையில் நின்று பழக்கம் இல்லாதவர்களுக்காக இந்த விளக்கத்தை எழுதுகிறேன். உங்கள் விண்ணப்பத்தை இரண்டு தரப்பினர் படிக்கிறார்கள் என்பதை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும். பள்ளி ஒரு வணிக நிறுவனம் என்பதால், இந்த ஆசிரியரிடம் படித்த மாணவர் அடுத்த ஆண்டும் பணம் கட்டிச் சேருவாரா என்று அது பார்க்கிறது. ஜப்பானின் குடிவரவுத் துறை உங்கள் முகத்தையோ பேச்சையோ பார்ப்பதில்லை. தாள்களை மட்டுமே பார்க்கிறது. இந்த இரு தரப்பில் ஒன்றுக்கு மட்டும் தயாராகிறவர்கள் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள்.

முதற்படி: தகுதியைச் சரிபார்த்தல்

உரையாடல் பள்ளியில் கற்பிப்பவருக்கு வழங்கப்படும் வசிப்பு அனுமதி ‘பொறியியல், மானுடவியல் அறிவு, பன்னாட்டுப் பணி’ என்னும் வகையைச் சேர்ந்தது. பன்னாட்டுப் பணிக்குப் பொதுவாக மூன்றாண்டு அனுபவம் வேண்டும் என்பது விதி. ஆனால் மொழி கற்பித்தல், மொழிபெயர்ப்பு போன்றவற்றுக்குப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்களுக்கு அந்த நிபந்தனையிலிருந்து விலக்கு உண்டு. பட்டம் எந்தத் துறையிலும் இருக்கலாம். வேதியியல் படித்தவரும் கணக்குப்பதிவியல் படித்தவரும் விண்ணப்பிக்கலாம். பாலிடெக்னிக் பட்டயம் மட்டும் வைத்திருப்பவருக்கு இந்த விலக்கு கிடைக்காது.

அடுத்தது, நம்மவர்கள் பலர் தடுக்கி விழும் இடம். ஆங்கிலம் தாய்மொழி அல்லாத நாட்டிலிருந்து வருபவர், பன்னிரண்டு ஆண்டுகளாவது ஆங்கிலவழியில் படித்திருக்க வேண்டும் என்று பள்ளிகள் வழக்கமாகக் கேட்கின்றன. ஒன்றாம் வகுப்பிலிருந்து கல்லூரி முடியும்வரை ஆங்கிலவழியில் படித்தவர்கள் இதை எளிதில் காட்டிவிடலாம். பத்தாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவர்கள், எவ்வளவு நன்றாகப் பேசினாலும், கணக்கில் குறைவுபடுவார்கள். அதை விண்ணப்பத்தில் மறைப்பதால் பயன் இல்லை. ஆவணம் கேட்கும்போது வெளிப்பட்டுவிடும்.

விளம்பரங்களையும் இந்தக் கண்ணோடு படிக்க வேண்டும். சில விளம்பரங்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குறிப்பிட்ட சில நாட்டினரை மட்டும் கேட்கும். அது நியாயமா என்பது வேறு விவாதம்; அந்தக் கதவைத் தட்டிக்கொண்டிருப்பது நேர விரயம் என்றே நான் நினைக்கிறேன். ‘தாய்மொழி அளவிலான ஆங்கிலம்’ என்றோ, ‘பன்னிரண்டு ஆண்டு ஆங்கிலவழிக் கல்வி’ என்றோ எழுதியிருக்கும் விளம்பரங்களில் உழைப்பைச் செலவிடுங்கள். அதேபோல ‘தற்போது ஜப்பானில் வசிப்பவர்கள் மட்டும்’ என்னும் வரியும் முக்கியமானது. கைஜின்பாட் போன்ற வேலைத்தளங்களில் வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கக்கூடிய வேலைகளை மட்டும் தனியே பிரித்துப் பார்க்கலாம். அந்தத் தேர்வைப் போட்டுவிட்டுத் தேடினால் பட்டியல் சட்டென்று சுருங்கும், ஆனால் மிஞ்சுவது உங்களுக்கு உரியதாக இருக்கும்.

இரண்டாம் படி: எப்போது, எந்த வகைப் பள்ளி

ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அரசுப் பள்ளிகளுக்கு உதவி ஆசிரியர்களை அனுப்பும் நிறுவனங்கள் முந்தைய இலையுதிர்காலத்திலிருந்தே ஆள் தேடத் தொடங்குகின்றன. உரையாடல் பள்ளிகளில் ஆசிரியர்கள் ஆண்டு முழுவதும் வருவதும் போவதுமாக இருப்பதால், எந்த மாதத்திலும் இடம் காலியாகும். அரசுப் பள்ளியில் பணியாற்றுபவருக்கு வழங்கப்படுவது வேறு வகை வசிப்பு அனுமதி என்பதால், பின்னாளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற நினைத்தால் குடிவரவுத் துறையின் அனுமதி பெற வேண்டியிருக்கும்.

குழந்தைகள் வகுப்பா, பெரியவர்கள் வகுப்பா என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்குக் குழந்தைகள் வகுப்பை நான் பரிந்துரைப்பேன். தேவை அங்கேதான் அதிகம். பாட்டும் பட அட்டைகளும் தரையில் உட்கார்ந்து விளையாடுவதும் உங்களுக்கு ஒத்துவராது என்றால் மட்டும் விட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: ஆவணங்கள்

கடவுச்சீட்டு, பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், ஒளிப்படம் ஆகியவற்றைத் தெளிவாக ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டமளிப்பு விழா நடக்காமல் தற்காலிகச் சான்றிதழ் மட்டும் கையில் இருந்தால், அது போதுமா என்று பள்ளியிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். பயிற்றுமொழிச் சான்றிதழைப் பள்ளியிலும் கல்லூரியிலும் தனித்தனியாக வாங்குங்கள். எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை ஆங்கிலவழி என்பது அதில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளிகள் தரும் மாற்றுச் சான்றிதழில் பயிற்றுமொழி குறிக்கப்பட்டிருக்கும் என்பதால், அதன் நகலையும் உடன் வைப்பது நல்லது. பழைய பள்ளியில் கையொப்பம் வாங்குவதற்குக் கோடை விடுமுறையில் போனால் அலுவலகம் பூட்டியிருக்கலாம். இந்த வேலையை முதலில் முடித்துவிடுங்கள்.

பெயரின் எழுத்து எல்லா ஆவணங்களிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். தலைப்பெழுத்து ஓரிடத்தில் முன்னும் மற்றோரிடத்தில் பின்னும், வேறோரிடத்தில் தந்தை பெயராக விரிந்தும் இருப்பது நமக்கு இயல்பு. ஜப்பானிய அலுவலருக்கு அது மூன்று வெவ்வேறு ஆட்களாகத் தோன்றலாம். கடவுச்சீட்டில் உள்ளபடியே விண்ணப்பத்தில் எழுதி, வேறுபாட்டுக்கு ஒரு வரி விளக்கம் சேர்த்துவிடுங்கள்.

நூற்றிருபது மணிநேர ஆங்கில ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் விசாவுக்குத் தேவை இல்லை. ஆயினும் தாய்மொழியாளர் அல்லாதவருக்கு அது பள்ளியின் பார்வையில் ஓர் எடையைத் தருகிறது. கேம்பிரிட்ஜின் செல்டா சிறந்தது, செலவும் அதிகம். முதல் உரையாடல் பள்ளி வேலைக்கு, நேரடிக் கற்பித்தல் பயிற்சி அடங்கிய எளிய படிப்பே போதும் என்பது என் கருத்து.

நான்காம் படி: சுயவிவரமும் முகப்புக் கடிதமும்

சுயவிவரம் இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். மேல்மூலையில் கோட்டு அணிந்த, வெளிர் நிறப் பின்னணி கொண்ட ஒளிப்படம் வைப்பது ஜப்பானிய வழக்கம். ‘கடின உழைப்பாளி’, ‘குழுவாக இயங்குபவர்’ போன்ற சொற்களுக்கு மாறாக, மாலைநேர டியூஷன் எடுத்தது, கல்லூரியில் இளையவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி அளித்தது, அலுவலகத்தில் புதியவர்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தது ஆகியவற்றை எழுதுங்கள். வாடிக்கையாளரிடம் பேசிப் பழகிய வேலை எதுவாக இருந்தாலும், கால் சென்டரோ துணிக்கடையோ, அதையும் சேர்க்க வேண்டும். ஆள் தேர்வு செய்பவர் அதைக் கவனிப்பார்.

முகப்புக் கடிதத்தில் ஜப்பான் ஏன் என்ற கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். அனிமே பிடிக்கும் என்று மட்டும் எழுதுபவர்கள் ஏராளம். அந்தப் பள்ளி யாருக்குக் கற்பிக்கிறது என்று அறிந்து, அவர்களுக்கு நீங்கள் என்ன செய்ய முடியும் என்று இரண்டு வரி எழுதினாலே உங்கள் கடிதம் தனித்துத் தெரியும். சில பள்ளிகள் ஓரிரு நிமிட அறிமுகக் காணொளியும் கேட்கும். அதில் வழக்கமான வேகத்தைக் குறைத்து, சொற்களின் இறுதி ஒலி கேட்கும்படி பேசுங்கள். நம்மவர்களின் ஆங்கிலத்தைப் புரியவிடாமல் செய்வது உச்சரிப்பைவிட வேகம்தான்.

ஐந்தாம் படி: நேர்காணலும் மாதிரிப் பாடமும்

நேர்காணல் பெரும்பாலும் காணொளி வழியே நடக்கும். ஜப்பானின் கடிகாரம் இந்திய, இலங்கை நேரத்தைவிட மூன்றரை மணிநேரம் முன்னே ஓடுகிறது. அங்கே காலை பத்து மணி என்றால் நமக்கு ஆறரை. முழு கோட்டு உடையில், ஐந்து நிமிடம் முன்னதாகவே இணைந்திருங்கள்.

தேர்வை முடிவு செய்வது ஐந்து முதல் பத்து நிமிடம் வரையிலான மாதிரிப் பாடம். நேர்காணல் செய்பவரே மாணவராக நடிப்பார். இலக்கணத்தை நன்றாக விளக்கினால் வேலை கிடைக்கும் என்று நினைப்பவர்கள் இங்கே தோற்கிறார்கள். மாணவர் ஆங்கிலம் பேசுவதற்காகப் பணம் கட்டியிருக்கிறார். ஆசிரியர் பேசுவதைக் கேட்க அல்ல. எனவே பாதி நேரத்துக்கு மேல் மாணவரின் வாய் அசைய வேண்டும் என்பதை அளவாக வைத்துக்கொண்டு பாடத்தைத் திட்டமிடுங்கள்.

‘ஹேவ் யூ எவர் பீன் டு கியோட்டோ?’ என்ற ஒரே வாக்கிய அமைப்பை எடுத்துக்கொள்வோம். கியோட்டோ, ஒகினாவா, ஹொக்கைடோ ஆகிய மூன்று படங்களைக் காட்டி, ‘ஐ ஹேவ்’, ‘ஐ ஹேவ்ன்ட்’ என்று நீங்களே முதலில் சொல்லிக்காட்டுங்கள். இரண்டு முறை திரும்பச் சொல்லச் செய்யுங்கள். பிறகு நீங்கள் கேட்க மாணவர் பதில் சொல்லட்டும். அடுத்து அவர் கேட்க நீங்கள் பதில் சொல்லுங்கள். கடைசி இரண்டு நிமிடத்தில் படங்களை எடுத்துவிட்டு, அவர் உண்மையாகவே போயிருக்கும் ஓர் ஊரைப் பற்றிப் பேச வையுங்கள். நிகழ்கால முற்று என்னும் இலக்கணப் பெயரைச் சொல்லவே வேண்டாம். மாணவராக நடிப்பவர் வேண்டுமென்றே பேசாமல் இருப்பார் அல்லது தவறாகச் சொல்வார். பேசாதபோது சில நொடிகள் காத்திருங்கள். ஜப்பானிய வகுப்பறையில் மௌனம் என்பது பெரும்பாலும் யோசிக்கும் நேரம். தவறினால் ‘தவறு’ என்று சொல்லாமல் சரியான வடிவத்தை நீங்கள் சொல்லி, மீண்டும் அவரையே சொல்ல வையுங்கள்.

ஜப்பானியர் ஆங்கிலத்தில் எங்கே தடுமாறுகிறார்கள் என்ற கேள்வியும் வரலாம். ர, ல ஒலிகளைப் பிரிப்பது கடினம் என்பதை எல்லோரும் சொல்வார்கள். மெய்யெழுத்தில் முடியும் சொற்களுக்குப் பின்னால் ஓர் உயிரொலியைச் சேர்ப்பது அவர்களின் மற்றொரு வழக்கம். ஐஸ்கிரீம் அங்கே ‘ஐசு குரீமு’ ஆகிறது. பஸ்ஸைப் ‘பஸ்ஸு’ என்று சொல்லி வளர்ந்த நமக்கு இந்தப் பழக்கம் உள்ளிருந்தே புரியும். ஆங்கிலத்தைக் கற்றுக்கொண்டவர் என்பது குறையாகப் பார்க்கப்படும் இடத்தில், அதையே பலமாக எடுத்துச்சொல்ல இது நல்ல வாய்ப்பு.

ஆறாம் படி: ஒப்பந்தத்தைப் படித்தல்

வேலை உறுதியானவுடன் மகிழ்ச்சியில் கையொப்பமிடாதீர்கள். சம்பளம், வேலைநேரம், ஒப்பந்தக் காலம் ஆகியவற்றை எழுத்தில் தர வேண்டியது ஜப்பானியத் தொழிலாளர் சட்டப்படி முதலாளியின் கடமை. முழுநேர ஆசிரியருக்கு மாதம் இரண்டரை லட்சம் யென் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் தொகை. இன்றும் பல விளம்பரங்கள் அதைச் சுற்றியே நிற்கின்றன. வரியும் காப்பீடும் போக மிஞ்சுவது எவ்வளவு என்று கேளுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, நீங்கள் ஊழியரா, சேவை ஒப்பந்தக்காரரா என்பது. ‘க்யோமு இதாக்கு’ எனப்படும் சேவை ஒப்பந்தத்தில் நீங்கள் சட்டப்படி ஊழியர் அல்ல. சம்பள விடுப்பு, தொழிலாளர் காப்பீடு போன்றவை கிடைக்காது. முதல்முறை செல்பவர் இதைத் தவிர்ப்பதே நல்லது. அடுத்தது வாரத்துக்கு 29.5 மணிநேரம் என்னும் விசித்திரமான எண். மருத்துவமும் ஓய்வூதியமும் அடங்கிய சமூகக் காப்பீட்டில் ஊழியரைச் சேர்க்க வேண்டிய எல்லைக்குக் கீழே நிற்பதற்காக நெடுங்காலம் பயன்பட்ட உத்தி அது. 2016 முதல் விதிகள் படிப்படியாக மாறி, 2024 அக்டோபரிலிருந்து 51 பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனங்களில் வாரம் இருபது மணிநேர ஊழியரும் சேர்க்கப்பட வேண்டும் என்றாகிவிட்டது. சிறிய பள்ளிகளில் இன்னும் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆறு மாதம் பணியாற்றிய முழுநேர ஊழியருக்குப் பத்து நாள் ஊதிய விடுப்பு சட்டப்படி உண்டு. ‘பள்ளி தரும் சலுகை’ என்று அதை எழுதியிருந்தால் சிரித்துக்கொள்ளலாம். பாதியில் விலகினால் இவ்வளவு அபராதம் என்று முன்கூட்டியே தொகை குறிப்பதைத் தொழிலாளர் தரச் சட்டத்தின் 16ஆம் பிரிவு தடைசெய்கிறது. உங்கள் வசிப்பு அனுமதி உங்களுக்கே உரியது, பள்ளிக்கு அல்ல. வேலை மாறினால் 14 நாளுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவித்தால் போதும். 2007இல் நோவா திவாலானபோது ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் சம்பளம் இன்றி நின்றார்கள். 2010இல் ஜியோஸ் என்னும் மற்றோர் உரையாடல் பள்ளி நிறுவனம் அதே நிலைக்கு வந்தது. நோவாவின் பெயரில் பள்ளிகள் பின்னர் வேறு நிர்வாகத்தில் தொடர்ந்தன. பெரிய பெயர் என்பதாலேயே கையிருப்பு இல்லாமல் போகக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி உங்களிடம் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் விலகிவிடுங்கள். இந்தப் பள்ளிகள் விண்ணப்பிப்பவரிடம் கட்டணம் வாங்குவதில்லை.

ஏழாம் படி: அனுமதிச் சான்றும் பயணமும்

ஒப்பந்தம் முடிந்ததும் பள்ளி உங்கள் சார்பில் தகுதிச் சான்றிதழுக்கு, அதாவது உங்களுக்கு வசிப்பு அனுமதி தரலாம் என்று குடிவரவுத் துறை முன்கூட்டியே தரும் சான்றுக்கு, விண்ணப்பிக்கும். அது வர ஒன்று முதல் மூன்று மாதம் ஆகலாம். அதற்குள் இருக்கும் வேலையை விடவோ விமானச்சீட்டு வாங்கவோ வேண்டாம். சான்றிதழ் மூன்று மாதமே செல்லும். அதைக் கொண்டு தமிழ்நாட்டினர் சென்னையிலுள்ள ஜப்பானியத் துணைத் தூதரகத்தின் வரம்பிலும், இலங்கையினர் கொழும்புத் தூதரகத்திலும் விசா பெற வேண்டும்.

கையில் குறைந்தது மூன்று லட்சம் யென்னுக்கு ஈடான தொகை வைத்துக்கொள்ளுங்கள். முதல் சம்பளம் பெரும்பாலும் அடுத்த மாதத்தில்தான் வரும். வீட்டுக்கான முன்பணம், வாடகைக்கு உத்தரவாதம் தரும் நிறுவனத்தின் கட்டணம், படுக்கை, சமையல் அடுப்பு என்று செலவு முதல் வாரத்திலேயே தொடங்கும். பள்ளியே அறை ஏற்பாடு செய்தால் மாதப் பிடித்தம் எவ்வளவு, மின்கட்டணம் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். நரிட்டா, ஹனேடா, கன்சாய் போன்ற பெரிய விமான நிலையங்களில் இறங்கியவுடனே வசிப்பு அட்டை தருவார்கள். குடியேறிய 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிந்துகொண்டால், வங்கிக் கணக்கும் கைபேசி இணைப்பும் பெற அந்த அட்டை உதவும். உள்ளூர் வரி முந்தைய ஆண்டு வருமானத்தின்மேல் கணக்கிடப்படுவதால் முதலாண்டில் வராது. இரண்டாம் ஆண்டு ஜூன் மாதத்திலிருந்து சம்பளத்தில் பிடிக்கத் தொடங்குவார்கள், அதற்குத் தக்கபடி வீட்டு வாடகையைத் தேர்ந்தெடுங்கள்.