எல்லை தாண்டிய ஆராய்ச்சிக்குச் சேர்ந்து நிதி தருவது எப்படி?

புற்றுநோய்த் தொண்டு அமைப்பு ஒன்றில் ஆராய்ச்சி நிதியைக் கவனிப்பது என் வேலை. வெளிநாட்டு அமைப்போடு கைகோக்க நினைக்கிறீர்களா? முதலில் உங்கள் சாசனத்தை எடுத்துப் படியுங்கள். நன்கொடைப் பணத்தை நாட்டுக்கு வெளியே செலவிட அதில் இடமில்லாமல் இருக்கலாம். அப்படி இடமில்லையென்றால், இரு தரப்புப் பணத்தையும் ஒன்றாகப் போடும் பொது உண்டியல் வேண்டாம். அவரவர் நாட்டு ஆய்வாளருக்கு அவரவர் பணம் கொடுக்கட்டும். மதிப்பீட்டுக் குழு மட்டும் ஒன்றாக இருக்கட்டும். இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. ஒரு நாட்டின் பங்கு தீர்ந்துபோனால் முதலிடம் பெற்ற ஆய்வே அந்தரத்தில் நிற்கும். ஆகவே கொஞ்சம் இருப்பு வையுங்கள்.

அப்புறம் மேல்செலவு, அதாவது ஆய்வகத்தை நடத்த ஆகும் பொதுச் செலவு. எங்கள் முதல் கூட்டு முயற்சியில் ஒப்பந்தத்தில் இதைப் பற்றிய ஒரே வாக்கியத்துக்கு நான்கு மாதம் போயிற்று. ஆய்வகத்தின் மின்கட்டணத்துக்கு ஒரு தரப்பு சல்லிக்காசு தராது. இன்னொரு தரப்போ விதிப்படி தந்தே ஆக வேண்டும். விண்ணப்ப அழைப்பு வெளியிடும் முன்பே இதைப் பேசி எழுதிவிடுங்கள். எந்த நாளின் நாணய மாற்று விகிதம் என்பதையும்தான்.

எந்த ஆராய்ச்சிக் கேள்விக்கு நிதி தருவது என்று தேர்ந்தெடுக்க, கேன்சர் கிராண்ட் சேலஞ்சஸ் திட்டத்தைப் பாருங்கள். பிரிட்டனின் கேன்சர் ரிசர்ச் யூகேயும் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனமும் 2020-இல் கூட்டாகத் தொடங்கியது. குழுவுக்கு 2.5 கோடி டாலர் வரை தருகிறார்கள். அந்தத் தொகையைப் பார்த்து மலைக்க வேண்டாம். சவால்களை முதலில் அறிவித்துவிட்டுப் பிறகு குழுக்களை அழைக்கிறார்களே, அது சிறிய அமைப்புக்கும் பொருந்தும்.

கடைசியாக, நோயாளியின் ஒப்புதல் படிவம். திசு மாதிரியும் தரவும் வேறு நாட்டுக்குப் போகலாம் என்று அதில் இல்லையென்றால், பணம் இருந்தும் மாதிரி உறைபெட்டியிலேயே கிடக்கும்.