வார்ட்டில் வந்து பார்க்கிறவர் யார்? ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

சிறுவர் வைத்தியசாலையான சிக்கிட்ஸ், சன்னிபுரூக், ரொறன்ரோ ஜெனரல் எல்லாமே ரொறன்ரோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த போதனா வைத்தியசாலைகள். அம்மாவையோ பிள்ளையையோ அங்கே வார்ட்டில் மறித்தால், முதல் நாளே நாலைந்து பேர் வந்து ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். "பெரிய டொக்டர் எப்ப வருவார்?" என்று நம்மவர்களுக்கு எரிச்சல் வரும். வருகிறவர் யார் என்று தெரிந்தால் அந்த எரிச்சல் பாதி குறையும்.

மருத்துவ மாணவர் இன்னும் பட்டம் பெறாதவர். அவர் கேட்டு எழுதுவதை மேலே உள்ளவர் சரிபார்ப்பார். ரெசிடென்ட் அப்படியல்ல. அவர் பட்டம் பெற்ற டொக்டர். குடும்ப வைத்தியம் என்றால் 2 வருடம், சத்திரசிகிச்சை என்றால் 5 வருடம் அளவில் மேற்பயிற்சி செய்கிறவர். ஃபெலோ அதற்கும் மேலே படிக்கிறவர். இவர்களுடைய வேலைக்கெல்லாம் முடிவில் பொறுப்பு ஸ்டாஃப் டொக்டருக்கு, அதாவது நம்மவர்கள் கேட்கும் அந்தப் "பெரிய டொக்டருக்கு".

காலையில் கட்டிலைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். இளம் பெண் ஒருவர் கையிலுள்ள தாளைப் பார்த்து வேகமாக வாசிப்பார், பின்னால் ஒருவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார். வாசிப்பவர் பெரும்பாலும் ரெசிடென்ட் அல்லது மாணவர், கேட்பவர் ஸ்டாஃப். நமக்கு ஒன்றும் சொல்லவில்லையே என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். அவர்கள் நகருமுன், "எங்களுக்கு விளங்குகிற மாதிரி ஒருக்கால் சொல்லுங்கோ, இதற்குப் பொறுப்பான ஸ்டாஃப் யார்?" என்று கேளுங்கள். பெயரை எழுதி வையுங்கள். பொது வைத்திய வார்டுகளில் ஸ்டாஃப் ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாறுவது வழக்கம், அதனால் அடுத்து வருபவர் யார் என்பதையும் கேட்டு வையுங்கள்.

ரெசிடென்டை "சின்ன டொக்டர்" என்று ஒதுக்குவதுதான் நம் குடும்பங்களில் நான் அடிக்கடி காண்பது. இதை மனம் வைத்து மாற்றவேண்டும். இரவு இரண்டு மணிக்குக் காய்ச்சல் ஏறினால் முதலில் வந்து பார்ப்பவர் அநேகமாக அவர்தான். அவருக்குச் சந்தேகம் என்றால் ஸ்டாஃபை போனில் எழுப்புவார். "ஸ்டாஃபோடு கதைத்தீர்களா?" என்று நீங்களும் கேட்கலாம், அது மரியாதைக் குறைவல்ல. ரெசிடென்ட்களின் பயிற்சி ஆண்டு ஜூலை 1 தொடங்குகிறது. அந்த நாட்களில் புதுமுகங்கள் அதிகம் இருப்பார்கள், தயங்காமல் கேளுங்கள்.

மாணவர் பரிசோதிப்பது பிடிக்கவில்லையென்றால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

இங்கிலீஷ் தடுமாறினால் பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். பத்து வயதுப் பிள்ளை அம்மம்மாவின் புற்றுநோயைப் பற்றித் தன் வாயால் சொல்லக்கூடாது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நேர்ஸிடம் கேளுங்கள், பல இடங்களில் போனிலேயே இணைப்பார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரிச் சொல்கிறார்கள் என்று பட்டால், எல்லாரையும் ஒன்றாக வைத்துக் கதைக்க ஒரு குடும்பச் சந்திப்புக் கேளுங்கள். அதற்கும் சரிவராவிட்டால், வைத்தியசாலையின் நோயாளர் உறவுப் பிரிவில் (Patient Relations) முறையிடலாம்.