டிஸ்க் 100%, வேகம் பூஜ்யம்
வீட்டு டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 10. எதைக் கிளிக் செய்தாலும் அரை நிமிடம் அப்படியே உறைந்து நின்றது. டாஸ்க் மேனேஜரில் சிபியு சும்மா இருக்கிறது, டிஸ்க் மட்டும் 100%. வேடிக்கை என்னவென்றால், படிக்கும் வேகமும் எழுதும் வேகமும் கிட்டத்தட்ட பூஜ்யம்.

"ஃபார்மட் பண்ணிடுங்கண்ணே" என்றார் கடைக்காரத் தம்பி. எதற்கெடுத்தாலும் அதே மருந்துதான்!

விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில், சிஸ்டம் பகுதியில், 153 என்ற எண்ணில் டிஸ்க் எச்சரிக்கைகள் வரிசையாக இருந்தன. படிக்கவோ எழுதவோ போய், முடியாமல் மறுபடி முயல்கிறது என்று அர்த்தம். சரி, டிஸ்க்தான் சாகப்போகிறதோ என்று முதலில் போட்டோக்களை பென்டிரைவில் ஏற்றிவிட்டு, டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளை ஓடவிட்டேன். அதில் 05, சி5 என்ற வரிகள் இரண்டும் பூஜ்யம், அதாவது டிஸ்க்கில் கெட்டுப்போன செக்டார் (டேட்டா இருக்கும் சிறு பகுதி) எதுவும் பதிவாகவில்லை. சி7 மட்டும் ஏறிக்கொண்டே போனது. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே போகும் வழியில் டேட்டா கெட்டால் ஏறும் எண் அது.

கரண்ட்டைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினேன். டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளின் முனை விரல் பட்டாலே லொடலொடவென்று ஆடியது, பூட்டும் கிளிப்பே இல்லை. கிளிப் வைத்த புதுக் கேபிளைச் செருகியதும் உறைவது நின்றது. 153-ம் வரவில்லை.

சி7 எண் மறுபடி பூஜ்யத்துக்கு இறங்காது, அதைப் பார்த்துப் பதற வேண்டாம். மேலே ஏறாமல் இருந்தால் போதும்.