சென்சாரில் தூசி: சுத்தம் செய்யப் போய் நாம் செய்யும் தவறுகள்

மாலை வானத்தை எடுத்த படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் பெரும்பாலும் அது கண்ணில் படும். நீலத்தின் நடுவே சாம்பல் நிறத்தில், ஓரம் மங்கிய ஒரு புள்ளி. அடுத்த படத்திலும் அதே இடத்தில் இருக்கும், அதற்கடுத்ததிலும் இருக்கும். உடனே மனசு பதறும், கை ஏதாவது துணியைத் தேடும். அந்தப் பதற்றத்தில் செய்கிற காரியம்தான் கேமராவுக்கு ஆபத்து. அந்தப் புள்ளி, ஒளியைப் படமாகப் பதிவு செய்யும் சென்சார்மேல் உட்கார்ந்த தூசி. அது இருப்பதால் மட்டும் சென்சார் கெட்டுவிடாது. அதைத் தவறான முறையில் எடுக்கப் போனால்தான் கீறல் விழும், கறை படியும்.

நாம் துடைப்பது உண்மையில் சென்சாரை அல்ல, அதன் முன்னால் இருக்கும் வடிகட்டிக் கண்ணாடியை. அதன்மேல் மெல்லிய பூச்சு இருக்கிறது. அதில் ஆழமான கீறல் விழுந்தால் பல கேமராக்களில் சென்சார் யூனிட்டையே மாற்றச் சொல்வார்கள். பழைய பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) என்றால் அந்தச் செலவுக்கு அதே மாடலை செகண்ட் ஹேண்டில் வாங்கிவிடலாம்.

தூசி எங்கே என்று பார்க்காமலே இறங்குவது

டிஎஸ்எல்ஆர் (உள்ளே மிரர் இருக்கும் கேமரா) வைத்திருப்பவர்கள் வியூஃபைண்டரில் கறுப்புப் புள்ளியைப் பார்த்துவிட்டு சென்சாரைச் சுத்தம் செய்யக் கிளம்புவார்கள். அந்தப் புள்ளி, வியூஃபைண்டருக்காகக் காட்சி விழும் ஃபோகஸிங் ஸ்கிரீனிலோ மிரரிலோ இருப்பது, படத்தில் விழாது. லென்ஸின் முன்பக்கத்தில் ஒட்டிய ஒன்றிரண்டு தூசியும் அப்படித்தான், சாதாரணமாகப் படத்தில் புள்ளியாகத் தெரியாது. வெவ்வேறு லென்ஸ் மாட்டி எடுத்தாலும் ஒரே இடத்தில் புள்ளி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மட்டும்தான் அது சென்சார் தூசி.

அப்பர்ச்சரையும், அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவையும், கவனிக்க வேண்டும். துளை விரிந்த எஃப்/2.8-இல் எடுத்த படத்தில் காணாமல் போகும் புள்ளி, துளை சுருங்கிய எஃப்/16-இல் பளிச்சென்று தெரியும். டியூப்லைட் வெளிச்சத்தில் சுவரில் விழும் விரல் நிழல் மங்கலாகவும், செல்போன் டார்ச் வெளிச்சத்தில் கூர்மையாகவும் இருக்கிறதே, அதே கதைதான். அப்பர்ச்சர் விரிந்திருந்தால் ஒளி பல கோணங்களில் வந்து தூசியின் நிழலைக் கரைத்துவிடும். சுருங்கினால் நிழல் இறுகும். அதனால் திருமணம், போர்ட்ரெய்ட் என்று எப்போதும் எஃப்/2, எஃப்/2.8-இலேயே எடுப்பவர் ஒற்றைத் தூசிக்காக பாடியைத் திறக்கவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. நிலக்காட்சி, மேக்ரோ, பொருள்களை எடுக்கும் புராடக்ட் ஷூட் செய்பவர்களுக்குத்தான் இது உண்மையான தொல்லை.

சோதனைப் படம் எடுப்பது எளிது. ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் எஃப்/16, மேனுவல் ஃபோகஸ். கணினித் திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வைத்து, லென்ஸை மிக அருகில் கொண்டுபோய், ஃபோகஸை இன்ஃபினிட்டிக்குத் திருப்பி, வெள்ளை வெள்ளையாகவே வரும்படி எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (ஒளி இரு மடங்கு) கூட்டி எடுங்கள். ஷட்டர் திறந்திருக்கும்போது கேமராவைக் கொஞ்சம் அசைத்தால் திரையின் அழுக்கு கலைந்துபோகும், சென்சாரில் இருப்பது மட்டும் அசையாமல் நிற்கும். எஃப்/22 வைத்து எடுத்து, கான்ட்ராஸ்டை முழுக்க ஏற்றிப் பார்த்தால் புது கேமராவில்கூட நாலு புள்ளி கிடைக்கும். அதைப் பார்த்துப் பயந்து சுத்தம் செய்வதும் ஒரு தவறுதான்.

இடத்தைத் தப்பாகக் கணக்கிடுபவர்களும் உண்டு. லென்ஸ் காட்சியைத் தலைகீழாகத்தான் சென்சாரில் போடுகிறது. படத்தில் இடது மேல் மூலையில் தெரியும் புள்ளி, கேமராவை நிமிர்த்தி வைத்து முன்பக்கமாகப் பார்க்கும்போது இடது கீழ் மூலையில் இருக்கும். இடம் வலம் மாறாது, மேல் கீழ் மட்டும் மாறும்.

ஊதுவதில் இருக்கும் விபரீதம்

வாயால் ஊதவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத எச்சில் துளி போதும், உலர்ந்த பிறகு அது தூசியைவிடப் பிடிவாதமான கறையாகிவிடும். கணினிக் கீபோர்டைச் சுத்தம் செய்ய விற்கும் அழுத்தக் காற்று டப்பாவும் வேண்டாம். டப்பா கொஞ்சம் சாய்ந்தாலும் உள்ளே இருக்கும் திரவம் அப்படியே பீய்ச்சி அடித்து, கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். இதைவிட மோசம் பஞ்சர் கடை கம்ப்ரஸர். அந்தக் காற்றில் எண்ணெயும் தண்ணீரும் கலந்து வரும், வேகமும் ஷட்டர் தகடு தாங்குகிற வேகம் இல்லை.

கையால் அமுக்கும் ரப்பர் ப்ளோயர்தான் சரியான கருவி. புதிதாக வாங்கியதை நேராக சென்சாருக்குக் கொண்டுபோகாதீர்கள். உள்ளே ரப்பர்த் துகளோ பவுடரோ இருக்கலாம், வெளியே பலமுறை அமுக்கி ஊதிவிட்டு அப்புறம் பயன்படுத்துங்கள். பாடியின் மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வாய்) தரையைப் பார்க்கும்படி பிடிக்க வேண்டும், அப்போதுதான் கிளம்பிய தூசி கீழே விழும். மல்லாக்க வைத்து ஊதினால் கிளம்பியது திரும்பி அதே இடத்தில் உட்காரும். ப்ளோயரின் மூக்கு மவுண்ட் வளையத்தைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. கேனான் ஈஓஎஸ் ஆர் போன்ற சில மிரர்லெஸ் கேமராக்களில் ஆஃப் செய்ததும் ஷட்டர் மூடிக்கொள்ளும். அது தூசிக்குத் தடுப்பு, ஆனால் மிக மெல்லிய தகடு. அதன்மேல் பலமாக ஊதவோ விரல் வைக்கவோ கூடாது.

நிறையப் பேருக்கு வேலை இத்தோடு முடிந்துவிடும். ஊதி, மறுபடி சோதனைப் படம் எடுத்து, புள்ளி போய்விட்டால் அதற்கு மேல் எதுவும் செய்ய வேண்டாம்.

ஈரத்துடைப்பு

ஊதியும் போகாத தூசிக்குத்தான் ஸ்வாப், அதாவது நுனியில் துணி சுற்றிய தட்டையான துடைப்புக் குச்சி. ஊதாமல் நேராக ஸ்வாப் போடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. குறிப்பாக மெரினாவிலோ தனுஷ்கோடியிலோ எடுத்துவிட்டு வந்திருந்தால், மணல் துகள் உள்ளே போயிருக்கலாம். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது. ஸ்வாபுக்கு அடியில் ஒரு துகள் சிக்கினாலும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கோடு இழுத்துவிடும்.

காதுக்குப் போடும் பட்ஸ், சட்டை நுனி, மூக்குக்கண்ணாடித் துணி எதுவும் ஆகாது. ஒன்று நார் விடும், இன்னொன்று எண்ணெய்ப் பசை விடும். கண்ணாடி ஜன்னல் துடைக்கும் திரவம், அசிட்டோன், மருந்துக்கடை ஸ்பிரிட் இவற்றையும் தள்ளி வையுங்கள். சென்சாருக்கென்றே விற்கும் திரவம் போதும். ஸ்வாபின் அகலம் சென்சாரின் உயரத்துக்குப் பொருந்த வேண்டும்: பெரிய சென்சாரான ஃபுல் ஃப்ரேமுக்கு 24 மி.மீ., அதைவிடச் சின்ன ஏபிஎஸ்-சி-க்கு 16 மி.மீ. சின்ன ஸ்வாபை வைத்துப் பெரிய சென்சாரைப் பாதி பாதியாகத் துடைத்தால் நடுவில் ஒரு கோடு நிற்கும்.

திரவம் இரண்டு சொட்டுக்கு மேல் வேண்டாம். நுனியில் விட்டு, சில நொடி ஊறவிட்டு, ஒரு ஓரத்தில் லேசாக வைத்து, எடுக்காமல் மறு ஓரம்வரை ஒரே இழுப்பு. பிறகு ஸ்வாபைத் திருப்பி, சுத்தமான பக்கத்தால் எதிர்த்திசையில் இன்னொரு இழுப்பு. அவ்வளவுதான், அந்த ஸ்வாப் குப்பைக்கு. விலையை நினைத்து அதையே மறுபடி போட்டால், முதல் தடவை எடுத்த தூசியை இரண்டாவது தடவை திருப்பித் தேய்க்கிறீர்கள். கறை காயாமல் திட்டாக நின்றால் திரவம் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். இன்னொரு ஸ்வாபில் ஒரே சொட்டு விட்டுத் துடைத்தால் போய்விடும்.

பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும். டிஎஸ்எல்ஆரில் மெனுவில் இருக்கும் சென்சார் கிளீனிங் முறையில்தான் மிரரைத் தூக்க வேண்டும், பட்டனை அமுக்கியிருக்கும்வரை மட்டும் திறந்திருக்கும் பல்ப் ஷட்டரில் விரலை வைத்துக்கொண்டு செய்யக் கூடாது. விரல் நழுவினாலோ பேட்டரி தீர்ந்தாலோ ஷட்டர் ஸ்வாப்மேல் மூடும், தகடு மடங்கும். பாடியிலேயே கை அதிர்வைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷன் இருக்கும் மிரர்லெஸ்களில் சென்சார் ஆடும் தன்மையுடையது. அமுக்கித் துடைத்தால் அந்த அமைப்பு பாதிக்கப்படலாம். ஒட்டி எடுக்கும் ஜெல் குச்சி வாங்குவதானால் உங்கள் கேமராவின் பூச்சுக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள்.

கேமரா தானே செய்யும் சுத்தத்தை முழுசாக நம்புவது

2003-இல் வந்த ஒலிம்பஸ் ஈ-1-இல்தான் முன்கண்ணாடியை அதிவேகமாக அதிரவைத்துத் தூசியை உதறும் முறை முதலில் வந்தது. இன்று பல கேமராக்களில் இருக்கிறது. உலர்ந்த தூசியை நன்றாக உதறும், பிசுபிசுத்து ஒட்டியதை ஒன்றும் செய்யாது. கடலோர ஈரப்பதத்தில் நாள்பட்ட தூசி ஒட்டத்தான் செய்யும். கேமராவை மேசைமேல் நேராக நிறுத்தி வைத்து ஓட்டுவது நல்லது. திரும்பத் திரும்ப ஓட்டுவதால் பெரிய பலன் இல்லை.

ஷட்டரிலிருந்து தெறிக்கும் எண்ணெய்த் துளிக்கு அதிர்வும் உதவாது, ப்ளோயரும் உதவாது. 2012-இல் வந்த நிகான் டி600-இல் படத்தின் இடது மேல்பகுதியில் புள்ளிகள் குவிவதாகப் பலர் புகார் சொன்னார்கள். 2014-இல் நிறுவனமே இலவசமாகப் பரிசோதித்து, ஷட்டரை மாற்றித் தருவதாக அறிவித்தது. ஈரத்துடைப்பு செய்த கொஞ்ச நாளில் அதே இடத்தில் மறுபடி புள்ளி வந்தால் நீங்களே துடைத்துக்கொண்டிருக்காமல் சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள்.

தூசியை நாமே உள்ளே விடுவது

லென்ஸ் மாற்றும்போது ஃபேனை நிறுத்துவதில்லை நாம். மண்டபத்தில் தலைக்கு மேல் ஃபேன் சுற்ற, அட்சதையும் கலர் பேப்பரும் பறக்க, மேடையோரம் நின்று மாற்றுவார்கள். அலங்காநல்லூர் வாடிவாசல் முன்னால் கிளம்புகிற புழுதியில் லென்ஸைக் கழற்றுவதை நினைக்கவே முடியாது. அங்கே இரண்டு பாடி, இல்லாவிட்டால் 70-200 ஜூம் லென்ஸ் ஒன்றை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க அதோடு இருப்பது. மாற்றியே ஆக வேண்டுமென்றால் காற்றுக்கு முதுகு காட்டி, பாடியைக் கீழ்நோக்கிப் பிடித்து, அடுத்த லென்ஸின் பின்மூடியை முன்கூட்டியே தளர்த்தி வைத்திருங்கள்.

பலர் மறப்பது பாடி மூடியையும் லென்ஸின் பின்மூடியையும். பை அடியில் கிடந்து தூசி சேர்ந்த மூடியை மாட்டினால் அந்தத் தூசி நேராக உள்ளே போகும். மூடிகளையும் ஊதுங்கள், பையைத் தலைகீழாகத் தட்டுங்கள்.

ஏற்கெனவே எடுத்த படங்களில் இருக்கும் புள்ளிக்காகக் கவலைப்பட வேண்டாம். லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் ஒரு படத்தில் சரிசெய்ததை அதே வரிசையில் இருக்கும் மற்ற படங்களுக்கும் ஒத்திசைத்துவிடலாம். முகத்தின்மேல் விழும் இடங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். கடையில் கொடுத்துச் சுத்தம் செய்வதானால், கொடுக்கும் முன் எஃப்/16-இல் ஒரு சோதனைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வாங்கும்போது பணம் கொடுப்பதற்கு முன்பே கவுன்டரில் நின்று இன்னொன்று எடுத்து, இரண்டையும் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.