ஐடிஐ டர்னர் முடித்தாச்சு, அடுத்து? கோவைப் பட்டறைக்காரர் ஒருவரின் செய்முறைக் குறிப்பு

என் மேஜை டிராயரில் ஒரு ஷாஃப்ட் எப்போதும் கிடக்கும். ஈஎன்8 என்ற எஃகு வகைக் கம்பி, ஒரு சாண் நீளம், 25 மில்லிமீட்டர் விட்டம். ஆள் எடுக்கும் நாட்களில் அதை வெளியே எடுத்து மேஜைமேல் வைப்பேன். பக்கத்தில் அளப்பதற்கு ஒரு வெர்னியர், அதைவிட நுணுக்கமாக அளக்கிற ஒரு மைக்ரோமீட்டர். உள்ளே வருகிற பையன் ஃபைலை நீட்டுவான். "அது இருக்கட்டும், இதை அளந்து சொல்லு" என்பேன்.

அந்த ஒரு நிமிடத்தில் பாதி இன்டர்வியூ முடிந்துவிடும்.

நானும் டர்னர் ட்ரேடுதான், அதாவது லேத்தில் உலோகம் கடைகிற வேலை. ஆவாரம்பாளையத்தில் லேத் பட்டறை, அப்புறம் சிஎன்சி என்கிற கம்ப்யூட்டர் மெஷின், இப்போது புரொடக்‌ஷன் பார்க்கிறேன். ஐடிஐ முடித்துவிட்டு "அடுத்து என்ன பண்றதுன்னே தெரியலைங்க" என்று வருகிற தம்பி தங்கைகளுக்கு நான் வாயால் சொல்வதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். ஃபிட்டர், மெஷினிஸ்ட் முடித்தவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

படி 1: பெயரைச் சரிசெய்யுங்கள்

கேட்கச் சின்ன விஷயம். ஆனால் நம் ஊரில் இனிஷியலால் வருகிற தொல்லை கொஞ்சநஞ்சமில்லை. பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், பேங்க் பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். வேலையில் சேர்ந்து பிஎஃப் கணக்கு தொடங்கும்போது ஆதாரோடு ஒத்துப்போகவில்லை என்று நிற்கும். மார்க்‌ஷீட்டில் உள்ளபடியே ஆதாரையும் பேங்க் கணக்கையும் இப்போதே மாற்றிவிடுங்கள். பிறந்த தேதியையும் சேர்த்துப் பாருங்கள்.

ஐடிஐ சான்றிதழான என்டிசியைப் பதிவிறக்கி, பெயரும் ட்ரேடும் சரியா என்று பாருங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்திருந்தால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். அங்கிருந்து கடிதம் வரும் என்று வீட்டில் உட்கார்ந்திருக்கவும் வேண்டாம்.

படி 2: அப்ரென்டிஸ் ஒரு வருடம்

"ஐடிஐ முடிச்சவுடனே நேரா வேலைக்குப் போனா சம்பளம் அதிகமா வருதே, எதுக்கு அப்ரென்டிஸ்?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். என் பதில்: முடிந்தால் அப்ரென்டிஸ் போங்கள். அதிலும் பெரிய தொழிற்சாலை கிடைத்தால் விடவே விடாதீர்கள்.

1961ஆம் ஆண்டின் அப்ரென்டிஸ் சட்டப்படி நடக்கிற பயிற்சி இது. மத்திய அரசின் அப்ரென்டிஸ் இணையதளத்தில் ஆதார் வைத்துப் பதிவு செய்ய வேண்டும். பதிவுக்குக் காசு கிடையாது. கம்பெனியோடு போடுகிற ஒப்பந்தமும் அதே தளத்தில் பதிவாக வேண்டும். மாதாமாதம் உதவித்தொகை உண்டு. சம்பளம் இல்லை என்பதால் பிஎஃப், இஎஸ்ஐ பிடித்தம் இருக்காது. பயிற்சி முடிந்து தேர்விலும் பாஸானால் என்ஏசி என்ற தேசிய அப்ரென்டிஸ் சான்றிதழ் வரும்.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. சில இடங்களில் "டிரெயினி" என்று சொல்லி எடுத்துக்கொள்வார்கள். ஒப்பந்தம் தளத்தில் ஏறியிருக்காது. வருடம் முழுக்க உழைத்த பிறகு என்ஏசி வராது. சேரும் அன்றே கேளுங்கள்: "சார், கான்ட்ராக்ட் போர்ட்டல்ல போட்டாச்சுங்களா?" உங்கள் லாகினில் அது தெரிகிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம்.

பெரம்பூர் ஐசிஎஃப், திருச்சி பெல், நெய்வேலி என்எல்சி போன்ற இடங்கள் அப்ரென்டிஸ் எடுப்பதற்கு அறிவிப்பு வெளியிடும். அங்கே பயிற்சி முடித்தாலே நிரந்தர வேலை என்று சட்டத்தில் இல்லை. அந்த எண்ணத்தோடு போனால் கடைசியில் வருத்தம்தான் மிஞ்சும். ஆனால் ரயில்வேயில் அப்ரென்டிஸ் முடித்தவர்களுக்கு லெவல் 1 வேலைகளில் 20 சதவீதம் ஒதுக்கீடு உண்டு, அதற்கும் தேர்வு எழுத வேண்டும். இதற்கெல்லாம் ஆள் பிடித்துத் தருகிறேன், ஐம்பதாயிரம் கொடு என்று யாராவது வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அதற்குமேல் செலவு செய்யாதீர்கள்.

படி 3: அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இப்போது அந்த ஷாஃப்ட்டுக்கு வருவோம்.

டிராயிங்கில் 25 ஜி6 என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 விட்டம், ஜி6 என்பது அது எவ்வளவு விலகலாம் என்பதற்கான குறியீடு. பட்டியலைப் பார்த்தால் விட்டம் 24.980லிருந்து 24.993க்குள் இருக்க வேண்டும். மொத்தமே 13 மைக்ரான் இடைவெளி, மைக்ரான் என்றால் ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதை எந்தக் கருவியால் அளப்பது?

நம் வெர்னியரின் நுண்மை 0.02 மில்லி. நகரும் அளவுகோலில் 50 பிரிவுகள் இருக்கும். பூஜ்யக் கோடு 24ஐத் தாண்டி நிற்கிறது, 49ஆவது கோடு மேலே உள்ள ஒரு கோட்டோடு நேர்க்கோட்டில் சேர்கிறது என்றால், 49 × 0.02 = 0.98. ஆக 24.98. அதற்கு அடுத்த கோடு சேர்ந்தால் நேராக 25.00. நடுவில் வெர்னியர் எதுவும் சொல்லாது. நமக்கு வேண்டிய 13 மைக்ரானோ அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஒளிந்திருக்கிறது. அதாவது இந்த ஜாப் ஓகேயா இல்லையா என்று வெர்னியர் வைத்துச் சொல்லவே முடியாது.

அதனால்தான் மேஜையில் மைக்ரோமீட்டரும் இருக்கிறது. நான் எதிர்பார்ப்பது சரியான அளவைக்கூட இல்லை. டிராயிங்கைப் பார்த்துவிட்டு வெர்னியரை ஒதுக்கி மைக்ரோமீட்டரை எடுக்கிற கையைத்தான். எடுத்ததும் முகங்களைத் துடைத்து, மூடிப் பார்த்து, பூஜ்யம் சரியாக நிற்கிறதா என்று பார்க்கிறவர் என்றால் எனக்குப் பாதி நிம்மதி. ராட்செட்டை மூன்று கிளிக் சுற்றுகிறவர் என்றால் முழு நிம்மதி. சி-கிளாம்ப் மாதிரி இறுக்கிப் பிடிப்பவரை "சரிப்பா, அப்புறம் கூப்பிடறோம்" என்று அனுப்புவேன்.

பழகுவதற்குப் பெரிய செலவு இல்லை. வீட்டில் கிடக்கிற போல்ட், பேரிங், சைக்கிள் அச்சு எதையாவது பத்து தடவை அளந்து எழுதுங்கள். பத்து அளவும் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகின்றன என்று பாருங்கள். அந்த விலகல்தான் உங்கள் கை.

கூடவே டிராயிங் படிப்பது. முதலில் மூலையில் உள்ள சின்னத்தைப் பார்த்து ஃபர்ஸ்ட் ஆங்கிளா தேர்ட் ஆங்கிளா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பொருளின் எந்தப் பக்கத் தோற்றத்தை எங்கே வரைவது என்பதற்கான இரண்டு முறைகள் இவை. நம் நாட்டு டிராயிங் பெரும்பாலும் ஃபர்ஸ்ட் ஆங்கிள். அமெரிக்க ஆர்டர் என்றால் தேர்ட் ஆங்கிள் வரும். மாற்றிப் படித்து இடப்பக்கத் துளையை வலப்பக்கம் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

படி 4: நாற்பது ரூபாய்க்கு ஒரு நோட்டு

இந்தக் குறிப்பு முழுவதிலும் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

சின்ன நோட்டு ஒன்று வாங்கிச் சட்டைப் பையில் வையுங்கள். அப்ரென்டிஸ் முதல் நாளிலிருந்தே ஷிஃப்ட் முடிந்ததும் ஐந்து வரி எழுதுங்கள். எந்த மெஷின், என்ன ஜாப், என்ன மெட்டீரியல், எவ்வளவு டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கிற விலகல்), என்ன கோளாறு வந்தது, யார் எப்படிச் சரிசெய்தார். என் பழைய நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது:

"சென்டர் லேத். பம்ப் ஷாஃப்ட், ஈஎன்8. டேப்பர் வருது. டெயில்ஸ்டாக் பக்கம் 0.03 பெரிசு. மேஸ்திரி டெயில்ஸ்டாக்கை நம்ம பக்கம் துளி நகர்த்தினார். சரியாயிடுச்சு."

டேப்பர் என்றால் ஒரு முனை பெரிதாகவும் மறுமுனை சிறிதாகவும் வருவது. டெயில்ஸ்டாக் என்பது கம்பியின் மறுமுனையைத் தாங்கும் பகுதி. அன்றைக்கு எனக்குக் காரணம் புரியவில்லை. ஒரு மாதம் கழித்து வேறொரு மெஷினில் இதே டேப்பர் வந்தபோது நோட்டைப் புரட்டி நானே சரிசெய்தேன். டெயில்ஸ்டாக் நம்மிடமிருந்து விலகி நின்றால் அந்த முனையில் டூல் குறைவாக வெட்டும், விட்டம் பெரிதாகும். அவ்வளவுதான் கணக்கு.

இன்டர்வியூவில் "என்னப்பா வேலை பார்த்தே?" என்றால் பலரும் சொல்வது: "சிஎன்சில இருந்தனுங்க சார்." "என்ன ஜாப்?" "ஷாஃப்ட்டுங்க." "என்ன டாலரன்ஸ்?" மௌனம். ஒரு வருடம் அந்த ஷாஃப்ட்டைக் கையில் பிடித்தவர்தான், பொய்யில்லை. எழுதி வைக்காததால் எல்லாம் ஒரே ஷாஃப்ட்டாக மனதில் கலந்துபோயிருக்கும்.

ஒரு எச்சரிக்கை: கம்பெனி டிராயிங்கைப் போனில் படம் எடுக்காதீர்கள். அது திருட்டில் சேரும், வேலையும் போகும். கற்றுக்கொண்டதை மட்டும் சொந்த வார்த்தையில் எழுதுங்கள்.

படி 5: ஒரு பக்க பயோடேட்டா

பிரவுசிங் சென்டரில் எடுத்துக் கொடுக்கிற மாதிரி பயோடேட்டாவில் "கடின உழைப்பாளி, நேர்மையானவன்" என்று இருக்கும். யாரும் அதைப் படிப்பதில்லை. நோட்டிலிருந்து எடுத்து இப்படி எழுதுங்கள்:

"சிஎன்சி டர்னிங் ஆபரேட்டர், 14 மாதம். ஃபேனக் கன்ட்ரோல். பம்ப் ஷாஃப்ட், புஷ். 20 மைக்ரான் டாலரன்ஸ் வரை. இன்சர்ட் மாற்றுவேன், ஆஃப்செட் போடுவேன். புரோகிராம் படிப்பேன், எழுதத் தெரியாது."

இன்சர்ட் என்பது வெட்டும் முனை, ஆஃப்செட் என்பது டூலின் நிலைக்கு மெஷினில் போடுகிற திருத்த அளவு. கடைசி வரியைச் சேர்க்கப் பயப்பட வேண்டாம். தெரியாததைத் தெரியாது என்று எழுதியவரின் மற்ற வரிகளை நான் நம்புகிறேன்.

படி 6: முதல் வேலையில் எதைக் கேட்டு வாங்குவது

சிஎன்சியில் ஆபரேட்டர், ஜாப்புக்கு மெஷினைத் தயார் செய்கிற செட்டர், புரோகிராமர் என்று ஏணி. ஆபரேட்டரிலேயே இரண்டு வகை. ஜாப்பைச் சக்கில் மாட்டி, கதவைச் சாத்தி, பச்சை பட்டனை அமுக்கி, கழற்றி வைப்பவர் ஒருவர். லோடிங், அன்லோடிங். மற்றவர் அளந்து, ஆஃப்செட் திருத்தி, இன்சர்ட் மாற்றுபவர். முதல் ஆறு மாதம் லோடிங்கில் இருப்பது தவறில்லை. வருடம் தாண்டியும் அதே என்றால் ஷிஃப்ட் சூப்பர்வைசரிடம் போய் வாய்விட்டுக் கேளுங்கள்: "அண்ணா, செட்டிங் நடக்கும்போது நானும் கூட நிக்கட்டுங்களா?" பெரும்பாலும் யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். உணவு இடைவேளையில் பாதியை அதற்குக் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்து வெறும் லோடிங் வைக்கிற இடத்தைவிட, ஆஃப்செட் தொடவிடுகிற சின்னப் பட்டறை மேல் என்பது என் கட்சி. கான்ட்ராக்டா கம்பெனி ரோலா என்பதையும் சேரும்போதே கேட்டுவிடுங்கள்.

ஆஃப்செட் தொட்டால் தப்பும் வரும். நானே செய்தது: விட்டம் 0.04 கூடுதலாக வந்தது. வேர் ஆஃப்செட்டில் (டூல் தேய்மானத்துக்கான திருத்தம்) எக்ஸில், அதாவது விட்டத்தின் திசையில், மைனஸ் 0.04 போட வேண்டும். இரவு ஷிஃப்ட், தூக்கக் கலக்கம், மைனஸ் 0.4 என்று போட்டுவிட்டேன். ஒரு பூஜ்யம்தான். அளக்காமல் அடுத்தடுத்து ஓட்டியதில் பதினொரு பீஸ் ஸ்கிராப். காலையில் சூப்பர்வைசர் தொட்டியில் கிடந்ததைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "ஆஃப்செட் போட்டதுக்கு அப்புறம் முதல் பீஸை அளந்தியா?" அன்றிலிருந்து எண்ணை அழுத்தியதும் புள்ளி எங்கே இருக்கிறது என்று வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் இன்புட் அமுக்குவேன். பக்கத்து மெஷின்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

படி 7: பிஎஃப்பை உடைக்காதீர்கள்

வேலையில் சேர்ந்ததும் யுஏஎன் என்ற 12 இலக்க எண் வரும். வாழ்நாள் முழுக்க ஒரே எண்தான். கம்பெனி மாறும்போது புதிய இடத்தில் அதே எண்ணைக் கொடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது எண் உருவாகி அலையவிடும். சம்பளத்தில் 12 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி பங்கும் சேரும். ஒவ்வொரு முறை வேலை மாறும்போதும் பணத்தை எடுத்து பைக்குக்கு முன்பணம் கட்டுகிற பழக்கம் நம் பையன்களிடம் உண்டு. பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்தால் பென்ஷனுக்கான பத்து வருடக் கணக்கும் முதலிலிருந்து தொடங்கும். எடுக்காமல் டிரான்ஸ்ஃபர் போடுங்கள்.

இன்னொன்று, உங்கள் அனுபவத்துக்கு இதுவே சாட்சி. எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை எங்கே இருந்தீர்கள் என்பது அதில் பதிவாகும். பல கம்பெனிகள் அதைப் பார்த்துத்தான் அனுபவத்தைச் சரிபார்க்கின்றன. பயோடேட்டாவில் ஆறு மாதத்தை இரண்டு வருடமாக இழுத்து எழுதுவது எடுபடாது. விலகும்போது சொல்லாமல் நின்றுவிடாமல் ரிலீவிங் லெட்டர், எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர், கடைசி மூன்று மாத பே ஸ்லிப் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

படி 8: மறுபடி படிப்பு

பத்தாவதுக்குப் பிறகு இரண்டு வருட ஐடிஐ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு டிப்ளமோவில் சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ.யிலும் நேரடி இரண்டாம் ஆண்டு உண்டு. தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழும் ஆங்கிலமும் மட்டும் எழுதி, ஐடிஐயோடு சேர்த்து பிளஸ் டூ இணைச் சான்றிதழ் வாங்கவும் வழி இருக்கிறது. கல்லூரிப் பட்டம் வேண்டும் என்பவர்களுக்கு இது பயன்படும்.

எப்போது படிப்பது? ஐடிஐ முடித்த உடனே டிப்ளமோ என்பது ஒரு வழி. வீட்டு நிலைமை இடம் கொடுத்தால் தாராளமாகச் செய்யலாம். நான் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போனேன். வகுப்பில் டாலரன்ஸ் என்றதும் அந்தப் பதினொரு பீஸ் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன, பாடம் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

டிப்ளமோவோடு வேலையில் இருப்பவர்கள் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி போன்ற இடங்களில் நடக்கிற பகுதி நேர பி.இ.க்கு விண்ணப்பிக்கலாம். மாலை வகுப்பு. அதனால் ஃபீஸ் கட்டும் முன்பே எச்.ஆரிடம் ஜெனரல் ஷிஃப்ட் தர முடியுமா என்று பேசி, முடிந்தால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சுழற்சி ஷிஃப்ட்டில் இருந்துகொண்டே சேர்ந்த என் நண்பர், வருகைப் பதிவு போதாமல் ஒரு செமஸ்டர் தேர்வையே எழுத முடியாமல் நின்றார்.