தொப்பியிலிருந்து தொடங்கலாம்: 1909 நியூயார்க் வேலைநிறுத்தத்தைப் படிக்கும் முறை

அமெரிக்க வரலாற்றில் உழைக்கும் பெண்களின் அன்றாட எதிர்ப்பைப் படிக்க விரும்புகிறவர்கள், அவர்கள் அணிந்ததையும் வாசித்ததையும் அரசியலுக்கு வெளியே தள்ளிவிடக் கூடாது.

படி 1: ஒரே ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்ளுங்கள்.
1909 நவம்பர் 22 அன்று நியூயார்க்கின் கூப்பர் யூனியன் அரங்கில் தலைவர்கள் மாறி மாறிப் பேசிக்கொண்டிருக்க, கிளாரா லெம்லிச் என்ற இளம் தையல் தொழிலாளி மேடையேறி, கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியில் பொது வேலைநிறுத்தத்துக்கு அறைகூவல் விடுத்தார். பெண்களுக்கான சட்டைகளைத் தைத்துவந்த சுமார் 20,000 பேர் வேலையை விட்டு வெளியேறினர். அவர்களில் பெரும்பாலோர் யூத, இத்தாலியக் குடியேறிகளான இளம்பெண்கள்.

படி 2: தொழிலாளர்களின் சொந்த வாக்குமூலத்தைத் தேடுங்கள்.
கூலி, வேலைநேரம், அபராதம், ஊசிக்கும் நூலுக்கும் பிடிக்கப்பட்ட காசு ஆகியவற்றை எல்லா நூல்களும் சொல்லும். லெம்லிச் அதே மாதம் ஒரு நாளிதழில் எழுதியதோ இன்னும் நுணுக்கமானது. தொழிற்சாலையில் உடைமாற்றும் அறை இல்லாததால் புதுத் தொப்பி பாழாகிவிடுகிறது என்றும், ஐம்பது சென்ட்டைத் தாண்டாத அந்தத் தொப்பிக்காக வாரக்கணக்கில் இரண்டு சென்ட் காய்ந்த கேக்கையே மதிய உணவாக உண்ண வேண்டியிருக்கிறது என்றும் அவர் முறையிட்டார். என் பார்வையில் இது கூலிக் கோரிக்கைக்குச் சற்றும் குறைந்ததல்ல. நல்லதை அணியும் உரிமை தமக்கும் உண்டு என்பதே அதன் பொருள்.

படி 3: படங்களைப் பாருங்கள்.
அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பெய்ன் செய்திப்படத் தொகுப்பில் இவ்வேலைநிறுத்தப் படங்கள் உள்ளன. அகலத் தொப்பியும் நேர்த்தியான உடையும் கண்ட சில செய்தியாளர்கள், இவர்களுக்கு உண்மையிலேயே வறுமைதானா என்று ஐயுற்றனர். ஆனால் மறியலில் நின்றவர்களைக் கூலிக்கு அமர்த்தப்பட்ட அடியாட்கள் தாக்கினர். காவலர்கள் அவர்களைத் தெருப்பெண்களைப் போல நடத்திக் கைது செய்தனர். சிலர் நியூயார்க்கிலுள்ள பிளாக்வெல்ஸ் தீவின் கடுவேலைச் சிறைக்கும் அனுப்பப்பட்டனர். அத்தகைய தெருவில் தம்மிடமிருந்த நல்ல உடையில் நிற்பது, தாங்கள் மரியாதைக்குரிய பெண்கள் என்பதை உரக்கச் சொல்வதாகவே இருந்தது.

படி 4: அவர்களின் பொழுதுபோக்கையும் சேர்த்துப் படியுங்கள்.
ஐந்து சென்ட் திரையரங்குகளும், ஆலைப்பெண் அவமானங்களைக் கடந்து செல்வம் பெறும் மலிவு நாவல்களும் அக்காலத்தில் பரவியிருந்தன. அவற்றை வெறும் மயக்கம் என்று ஒதுக்க வேண்டாம். அதே சமயம், நாவல் படித்ததால்தான் வேலைநிறுத்தம் வந்தது என்றும் எழுத வேண்டாம்.

படி 5: முடிவுக்குப் பின் நடந்ததையும் தொடருங்கள்.
1910 பிப்ரவரியில் போராட்டம் முடிந்தபோது நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் உடன்பாட்டில் கையெழுத்திட்டிருந்தன. தொழிற்சங்கத்தை ஏற்காதவற்றுள் டிரையாங்கிள் என்ற சட்டைத் தயாரிப்பு நிறுவனமும் ஒன்று. 1911 மார்ச் 25 அன்று அங்கே தீப்பற்றி 146 பேர் இறந்தனர். திருட்டைத் தடுக்கவென்று பெண்களின் கைப்பைகளைச் சோதித்து ஒரே வழியாக வெளியே விடும் வழக்கம் அங்கு இருந்தது. மறுபக்கக் கதவு பூட்டியிருந்ததாகத் தப்பியவர்கள் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். அந்தச் சாட்சியங்களையே அடுத்ததாக எடுத்துப் படியுங்கள்.