கெய்ன்ஸ்பரோ வீட்டுச் சுவரின் ஈரம்

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் டிரென்ட் ஆற்றங்கரையில் இருக்கும் சந்தை ஊர் கெய்ன்ஸ்பரோ. வீடு மலிவு என்பதால் அங்கே ஒரு விக்டோரியா காலத்து வரிசை வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டேன். முதல் குளிர்காலத்திலேயே பின்பக்கப் படுக்கையறை மூலையில் கறுப்புப் பூஞ்சை. "ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள்" என்றார் ஏஜென்ட். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ஜனவரியில் எப்படித் திறப்பார்கள்? வாடகை வீடு குடியிருக்கத் தகுதியாக இருக்க வேண்டும் என்று 2019 முதல் சட்டமே இருக்கிறது. பொறுப்பு என்னுடையதுதான்.

நேரில் போய், மழையில் நின்று பார்த்தேன். கூரை விளிம்பில் மழைநீர் ஓடும் குழாயின் இணைப்பு ஒழுகி, தண்ணீர் நேராக அந்தச் சுவரில் இறங்கிக்கொண்டிருந்தது. நடுவே காற்று இடைவெளி விடாத 9 அங்குலச் செங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. பிற்பாடு யாரோ செங்கல் இடுக்குகளில் சிமென்ட் அடைத்துவிட்டதால், உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லை.

இணைப்பை மாற்றினேன். சிமென்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்தே வைக்கச் சொன்னேன். அப்புறம் குளியலறையில், ஈரப்பதம் கூடினால் தானே ஓடும் எக்ஸாஸ்ட் ஃபேன். சுவர் காய ஒரு கோடை முழுக்க ஆனது. அதுவரை பெயிண்ட் அடிக்க விடவில்லை.

அடுத்த ஜனவரியில் அந்த மூலையில் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்றிருந்தது, ஆனால் ஈரமில்லை. குழந்தையின் கட்டிலை மறுபடி அங்கேயே போட்டிருந்தார்கள்.